மான் வேட்டையில் தோட்டாவும் குறியும்: விஸ்கான்சினில் முதன்முறை ரைஃபிள் எடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விஸ்கான்சினில் என் முதல் நவம்பர் வேட்டையில் ஒரு பிணைமானைச் சுட்டேன். அது எனக்குக் கிடைக்கவில்லை. 90 கெஜ தூரம்தான், பகல் வெளிச்சம், காற்றும் இல்லை. கையில் இருந்தது 300 வின்செஸ்டர் மேக்னம். கொஞ்சம் தவறிப் பட்டாலும் பெரிய தோட்டா பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் அதை வாங்கியிருந்தேன். அதன் உதைக்கு உடம்பு முன்கூட்டியே பயந்ததால் விசையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். குண்டு நெஞ்சுக்கு ஒன்றரை அடி பின்னால், வயிற்றில் பட்டது. பரணிலிருந்து உடனே இறங்கி ஓடினேன். அது இரண்டாவது தவறு. படுத்திருந்த மானை எழுப்பி விரட்டிவிட்டேன். பண்ணைக்காரப் பெரியவரும் நானும் இரண்டு நாள் தேடினோம். அது எங்கோ ஒரு நாணல் சதுப்பில் மணிக்கணக்கில் வலித்துச் செத்திருக்கும். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தோட்டா வேறு, குறி வேறு என்று இரண்டையும் தனித்தனியாகப் பேசுவதுதான் வழக்கம். என் அனுபவத்தில் அவை ஒரே பிடியின் இரண்டு முனைகள். தோளை மிரட்டாத தோட்டாதான் சரியான இடத்தில் போய்ப் படுகிறது. சரியான இடத்தில் பட்டால், மான் அளவுள்ள விலங்குக்குப் பெரிய தோட்டா தேவையே இல்லை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பிடியைப் பற்றியதுதான்.

நான் பேசுவது அமெரிக்காவின் வெள்ளை வால் மானைப் பற்றி. அங்கே மாநில அரசே உரிமம் கொடுத்து, ஒவ்வோர் ஆண்டும் எண்ணிக்கை வகுத்து வேட்டையை நடத்துகிறது. இந்தியாவில் மான்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. அங்கே இது குற்றம். இதில் உள்ள எதையும் ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

படி 1: முதலில் சட்டம், பிறகு கடை

விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் படிப்பை முடித்தால்தான் உரிமம் வாங்க முடியும். அதைச் சடங்காக நினைக்காதீர்கள். துப்பாக்கி முனை எப்போதும் எங்கே பார்க்க வேண்டும், விசையில் விரல் எப்போது வரலாம், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் அங்கேதான் உடம்புக்குப் பழக்குகிறார்கள்.

நம்மவர்களில் பலர் எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விதிவிலக்கு. உரிமம் காலாவதியானால் அந்த விதிவிலக்கும் போய்விடும். நண்பரின் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே இதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

தோட்டா விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கொலராடோவில் மானுக்குக் குறைந்தது 0.24 அங்குல விட்டம், 70 கிரெய்ன் எடை, விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். (கிரெய்ன் என்பது குண்டின் எடைக்கான சிறு அலகு, அடி-பவுண்டு ஆற்றலுக்கான அலகு.) ஒஹாயோவில் நீண்ட காலம் ரைஃபிளே கூடாது என்றிருந்தது. 2014-இலிருந்து நேர்சுவர்த் தோட்டாக்களுக்கு, அதாவது கூடு கழுத்தில் சுருங்காமல் நேராக இருப்பவற்றுக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். சமவெளிப் பண்ணை நிலத்தில் குண்டு வெகுதூரம் போய்விடக் கூடாது என்ற கவலைதான் காரணம். 2019-இல் வின்செஸ்டர் கொண்டுவந்த 350 லெஜெண்ட் இப்படிப்பட்ட மாநிலங்களுக்காகவே பிறந்த தோட்டா. ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் மாநிலத்தின் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

படி 2: தோட்டாவைத் தேர்ந்தெடுத்தல்

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் பற்றவைப்புக் குமிழ், உள்ளே மருந்து, நுனியில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. பறந்துபோய் வேலை செய்வது குண்டு மட்டும்தான். கடைக்காரரிடமும் களத்திலும் இந்த இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரச்சினைகளில் பாதி தோட்டாவில் இல்லை, குண்டில் இருக்கிறது.

வெள்ளை வால் மானுக்குப் போதுமான தோட்டாக்கள் நூறு ஆண்டுக்கு முன்பிருந்தே வரத் தொடங்கிவிட்டன. பெயரின் தொடக்கத்தில் வரும் எண் குண்டின் விட்டத்தை ஏறத்தாழக் குறிக்கும்: 308 என்றால் 0.308 அங்குலம், 6.5 என்றால் மில்லிமீட்டர். 30-30 வின்செஸ்டர் 1895-இல் வந்தது. 30-06 வந்தது 1906-இல், 270 வின்செஸ்டர் 1925-இல். 308 வின்செஸ்டர் 1952-இலும், அதன் கழுத்தைச் சுருக்கிச் செய்த 243 வின்செஸ்டர் 1955-இலும் வந்தன. அதே 308-இன் கூட்டில் பிறந்த 7 எம்.எம்-08 ரெமிங்டன் 1980-இல் கடைக்கு வந்தது. 6.5 கிரீட்மோர் 2007-இன் வரவு. மானின் உடம்பு இந்த நூறாண்டில் மாறவில்லை என்பதை விளம்பரங்களைப் பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

எண்களைப் பார்ப்போம். 243-இல் 100 கிரெய்ன் குண்டு குழல் வாயில் நொடிக்கு ஏறத்தாழ 2,960 அடி வேகத்தில் கிளம்புகிறது. ஆற்றல் 1,950 அடி-பவுண்டுக்குப் பக்கம். 308-இல் 150 கிரெய்ன் குண்டுக்கு 2,820 அடி வேகம், 2,650 அடி-பவுண்டு. 270-இல் 130 கிரெய்ன் குண்டு 3,060 அடி வேகத்தில் 2,700 அடி-பவுண்டு தருகிறது. மானுக்கு 1,000 அடி-பவுண்டு வேண்டும் என்பது வேட்டைக்காரர்களிடையே வழங்கும் ஒரு கைக்கணக்கு. இயற்கை விதி ஒன்றும் இல்லை. இருந்தாலும் அதை வைத்துப் பார்த்தால் இவை எல்லாமே 200 கெஜத்தில் தாராளமாகத் தேறுகின்றன.

இப்போது அதே தோட்டாக்கள் உங்கள் தோளில் என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஏழரை பவுண்டு ரைஃபிளில் 243-இன் உதை ஏறத்தாழ 9 அடி-பவுண்டு. 6.5 கிரீட்மோர் 12, 13 என்ற அளவில் இருக்கும். 308 பதினேழுக்குப் பக்கம், 30-06 இருபதுக்குப் பக்கம். 300 வின்செஸ்டர் மேக்னம் 25-ஐத் தாண்டிவிடும். உதையைத் தாங்குவது வீரம் சார்ந்த விஷயமே அல்ல. கண்ணருகே வெடிச் சத்தமும் தோளில் அடியும் ஒன்றாக வரும்போது உடம்பு அதை முன்கூட்டியே எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை விசை விழுவதற்குச் சற்று முன்பே கண் மூடுகிறது, தோள் முன்னே தள்ளுகிறது. குண்டு விலகுவது அந்தக் கணத்தில்தான்.

தென் கரோலினாவில் ஒரு வேட்டைக் கழகத்தில் சுடப்பட்ட மான்களை வனத்துறை உயிரியலாளர்கள் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்து ஆராய்ந்தார்கள். 603 முறை சுட்டதில் 493 மான்கள். 0.243 முதல் 0.30 அங்குலம் வரையிலான குழல் அளவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, சுடப்பட்ட மான் எவ்வளவு தூரம் ஓடியது என்பதில் அவற்றுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குண்டு பட்ட இடத்தை வைத்துப் பார்த்தபோது வேறுபாடு தெளிவாக நின்றது. தோளில் பட்டவை சராசரியாக 3 கெஜம் போயின, இதயத்தில் பட்டவை 39, நுரையீரலில் பட்டவை 50, வயிற்றில் பட்டவை 69. கண்டெடுத்த மான்களின் கணக்கு இது என்பதையும் மறக்கக் கூடாது. வயிற்றில் பட்டுக் கிடைக்காமலே போன மானுக்கு ஓட்டக் கணக்கே கிடையாது.

ஆகவே என் பரிந்துரை நேரானது. புதிதாகத் தொடங்குபவருக்கு 7 எம்.எம்-08, 6.5 கிரீட்மோர், 308 ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று. உடல் சிறியவர்களுக்கும், உதைக்கு ஏற்கெனவே பயந்துபோனவர்களுக்கும் 243, ஆனால் நல்ல உறுதியான குண்டோடு. அடர்ந்த காட்டில் நூறு கெஜத்துக்குள் மட்டும் சுடப்போகிறவருக்கு 30-30 இன்றும் அருமையான தோட்டா. மேக்னங்களை எல்க் மானுக்கு விட்டுவிடுங்கள்.

30-30 பற்றி ஒரு கூடுதல் எச்சரிக்கை. அதன் நெம்புகோல் ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் ஒரு குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னால் உள்ள குண்டின் நுனி முன்னால் உள்ள தோட்டாவின் பற்றவைப்புக் குமிழைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூரான உலோக நுனி இருந்தால் உதையின் அதிர்ச்சியில் உள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் தட்டை நுனிக் குண்டு, அல்லது அதற்கென்றே செய்த, ரப்பர்போன்ற மெத்தென்ற நுனியுள்ள குண்டு.

படி 3: குண்டு, உண்மையில் முடிவு செய்வது இதுதான்

ஒரே 308 தோட்டாவில் நான்கு வகைக் குண்டு வாங்கலாம். நான்கும் மானின் உடம்பில் நான்கு விதமாக நடந்துகொள்ளும்.

வேட்டைக் குண்டு தோலைத் தாண்டியதும் காளான்போல் விரிய வேண்டும். விரிந்தபின்னும் எடையை இழக்காமல் மறுபக்கம் வரை போக வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். வேகமாக விரிந்தால் ஆழம் போகாது. விரியாவிட்டால் ஆழம் போகும், ஆனால் ஊசி குத்தியதுபோல் சிறு துளைதான் விழும். ராணுவப் பயிற்சிக்கான முழு உலோக உறைக் குண்டு இந்த இரண்டாவது வகை. பல மாநிலங்கள் அதை மான் வேட்டைக்குத் தடை செய்திருப்பதற்கு அதுவே காரணம். நரி, அணில் போன்றவற்றுக்கான மெல்லிய குண்டு முதல் வகையின் எல்லை. தோள் எலும்பில் பட்டதும் தூளாகி மேலே ஒரு பெரிய புண்ணை மட்டும் உண்டாக்கும், நெஞ்சுக்குள் போகாது. போட்டிக்கான குண்டு துல்லியமானது, ஆனால் சதையில் அது என்ன செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஜான் நாஸ்லர் என்பவர் 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது குண்டுகள் ஆழம் போகாமல் உடைந்தன. அந்த ஏமாற்றத்தில்தான் நடுவே ஒரு தடுப்புச் சுவர் வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்த அந்தப் பார்ட்டிஷன் குண்டு இன்றும் கடையில் இருக்கிறது. பிறகு ஈயமும் செம்பு உறையும் ஒட்டவைக்கப்பட்ட குண்டுகள் வந்தன, முழுச்செம்புக் குண்டுகளும் வந்தன.

வெள்ளை வால் மான் மெல்லிய உடம்புடையது. 308, 7 எம்.எம்-08 வேகத்தில் சாதாரண மென்நுனிக் குண்டே, அதாவது நுனியில் ஈயம் வெளியே தெரியும் குண்டே, பல பத்தாண்டுகளாக நன்றாக வேலை செய்கிறது. 243 போன்ற சிறு குண்டுக்கும், மிக வேகமான தோட்டாக்களுக்கும்தான் ஒட்டிய குண்டோ செம்புக் குண்டோ அவசியமாகிறது. செம்பு விரிய வேகம் வேண்டும். அதனால் செம்புக்கு மாறுபவர்கள் ஒருபடி இலேசான எடையை எடுப்பது நல்லது. 308-இல் 165-க்குப் பதில் 150 அல்லது 130 கிரெய்ன்.

ஈயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈயக் குண்டு உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்திலிருந்து வெகுதூரம் சதைக்குள் பரவுகின்றன. 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கான உணவு வங்கிகளில் இருந்த அரைத்த மான் இறைச்சியை இதே காரணத்தால் ஒதுக்கச் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான். என் வீட்டில் அந்த இறைச்சியைச் சாப்பிடுவது சிறு பிள்ளைகள். நான் செம்புக்கு மாறிவிட்டேன். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு பருவத்துக்கு மானைச் சுட எத்தனை குண்டு செலவாகும்?

படி 4: ரைஃபிளை ஒழுங்கு செய்தல்

எந்தத் தோட்டாவோடு வேட்டைக்குப் போகிறீர்களோ அதே பெட்டியை வைத்தே ஸ்கோப்பை, அதாவது ரைஃபிளின் மேல் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியைச் சரிசெய்யுங்கள். எடை ஒன்றாக இருந்தாலும் வேறு நிறுவனத்தின் தோட்டா வேறு இடத்தில் போய்ப் படும்.

முதலில் 25 கெஜத்தில் காகிதத்தில் படவைத்து, பிறகு 100 கெஜத்துக்குப் போங்கள். மூன்று மூன்றாகச் சுட்டு, அந்த மூன்றின் நடுவைப் பார்த்து ஸ்கோப்பின் குமிழைத் திருகுங்கள்; ஒவ்வொரு குண்டையும் துரத்தித் திருகாதீர்கள். குழல் ஆற நேரம் கொடுங்கள். மூன்றும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் மானுக்கு அது வேண்டியதைவிட அதிகம்.

விஸ்கான்சின் காட்டில் 100 கெஜத்திலேயே நேர்ப்படுத்திவிடுவது, அதாவது அந்தத் தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி செய்வது, என் வழக்கம். 308 அப்போது 200 கெஜத்தில் ஏறத்தாழ 4 அங்குலம் தாழும். மானின் உயிர்நிலை, அதாவது இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி, எட்டு அங்குல வட்டம் என்பதால் நடுவில் குறி வைத்தால் இன்னும் உள்ளேதான் விழும், ஆனால் விளிம்பில். திறந்த வயல்வெளியில் சுடுபவர்கள் 200 கெஜத்தில் நேர்ப்படுத்தலாம். அப்போது 270 போன்ற தோட்டா 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே, 300 கெஜத்தில் ஆறேழு அங்குலம் கீழே நிற்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அட்டவணையை நம்பி விட்டுவிடாமல் உங்கள் குழலில் அந்தத் தூரங்களில் சுட்டுப் பாருங்கள்.

படி 5: உங்கள் தூரம் எது என்று கண்டுபிடித்தல்

மேஜையில் மணல் மூட்டை வைத்துச் சுடுவது ரைஃபிளுக்கான சோதனை. உங்களுக்கான சோதனை வேறு. ஆறு அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை நிறுத்துங்கள். கனமான குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மரத்தில் சாய்ந்தும், மண்டியிட்டும், சுடுகோலில் தாங்கியும் ஐந்தைந்து முறை சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழும் மிகத் தொலைவான தூரம்தான் உங்கள் எல்லை. உயிர்நிலை எட்டு அங்குலம் இருக்க ஏன் ஆறு என்றால், மான் முன்னால் நிற்கும்போது உங்கள் இதயம் அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும். அந்த இரண்டு அங்குலம் அதற்கு. எனக்கு இன்றும் மண்டியிட்டு 110 கெஜம்தான். தாங்கல் இருந்தால் 180.

விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நண்பரை உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு பொய்த்தோட்டாவைப் போடச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த ஒன்றில் குழல் முனை கீழே குனிந்தால் பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தைப் போக்கும் வழி, வெற்று ரைஃபிளில் விசைப் பயிற்சி. ரைஃபிளிலும் இருக்கும் அறையிலும் ஒரு தோட்டாகூட இல்லை என்று இருமுறை பார்த்த பிறகு, பாதுகாப்பான சுவரை நோக்கி. நான் 308-க்கு மாறி, ஒரு கோடை முழுக்க ஒவ்வொரு இரவும் இருபது முறை இதைச் செய்தேன். அந்தத் திடுக்கம் போனதற்கு அதுதான் காரணம். புதிய ஸ்கோப்புக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தை இந்தப் பயிற்சிக்கான தோட்டாக்களில் போடுங்கள்.

படி 6: மானின் உள்ளே என்ன எங்கே இருக்கிறது

இதை நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் இதற்காகத்தான்.

பக்கவாட்டில் நிற்கும் மானை மனக்கண்ணில் நிறுத்துங்கள். இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவே, முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே நெஞ்சுத் தரையில் கிடக்கிறது. அதைச் சுற்றியும் மேலேயும் பின்னேயும் நுரையீரல்கள் இரண்டு, பெரிய பைகளாக. அவற்றுக்குப் பின்னால் உதரவிதானம் என்ற மெல்லிய சுவர். சுவரைத் தொட்டுக்கொண்டு ஈரல். அதற்கும் பின்னால் இரைப்பையும் குடலும். நுரையீரலின் பின்விளிம்புக்கும் இரைப்பைக்கும் இடையே உள்ளது ஒரு சாண்கூட இல்லை. என் முதல் மானை இழந்தது அந்த ஒரு சாணைத் தாண்டியதால்தான்.

தோள்பட்டை எலும்பு மேலிருந்து கீழே முன்னோக்கிச் சாய்ந்து வர, தோள் முனையிலிருந்து மேல்கால் எலும்பு பின்னோக்கிச் சாய்ந்து முழங்கையில் முடிகிறது. தோலுக்கு வெளியே நமக்குத் தெரிவது முழங்கைக்குக் கீழே நேராக நிற்கும் கால் மட்டும். அந்தக் காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே ஒரு கோடு இழுங்கள். நெஞ்சின் அடியிலிருந்து முதுகுவரை உள்ள உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கேதான் குறி. சற்றுத் தாழ்ந்தால் இதயம், சற்று உயர்ந்தால் நுரையீரலின் நடு, சற்று முன்னே போனால் தோள், சற்றுப் பின்னே போனால் நுரையீரலின் பின்பகுதி. எந்தப் பக்கம் பிசகினாலும் கொஞ்சம் மன்னிக்கும் இடம் இது ஒன்றுதான்.

முதுகெலும்புக்கும் நுரையீரலுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது, அதன் வழியே குண்டு போனால் மான் பிழைத்துக்கொள்ளும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். அப்படி ஓர் இடம் இல்லை. நுரையீரல் முதுகெலும்பின் அடிவரை நிறைந்திருக்கிறது. ஆனால் முதுகெலும்பு தோள் பகுதியில் நாம் நினைப்பதைவிடத் தாழ்ந்து ஓடுகிறது. அதற்கு மேலே எலும்பு முட்களும் முதுகுச் சதையும் மட்டும். உயரமாகப் பட்ட குண்டு அந்தச் சதை வழியே போய்விடுகிறது. அதிர்ச்சியில் மான் பொத்தென்று விழும், அரை நிமிடத்தில் எழுந்து ஓடிவிடும். மான் விழுந்ததும் ரைஃபிளைக் கீழே வைத்துவிடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டு நுரையீரலும் துளைபட்டால் என்ன நடக்கிறது? நெஞ்சுக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்குகிறது, ரத்தம் உள்ளே கொட்டுகிறது, மூளைக்கு உயிர்வளி நிற்கிறது. பத்துப் பதினைந்து நொடியில் நினைவு போய்விடும். மிரண்ட மான் அந்த நொடிகளில் நூறு கெஜமும் ஓடலாம். ஓடுவதாலேயே குறி தவறிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

தோளைச் சுட்டால் அங்கேயே விழும் என்று அந்தத் தென் கரோலினா கணக்கே சொல்கிறதே, பின் ஏன் தோளைச் சுடக் கூடாது? சுடலாம். சதுப்போ அடுத்தவர் நிலமோ பக்கத்தில் இருந்தால் அது நல்ல குறி. அதற்கு எலும்பை உடைத்துப் போகும் உறுதியான குண்டு வேண்டும். இரண்டு முன்சப்பையும் ரத்தம் கட்டி வீணாகும். குறி உயரத்தில் பிசகினால் முதுகுச் சதைதான். நெஞ்சுக் குறியைப் பழகிய பிறகு அதற்கு வாருங்கள்.

படி 7: கோணம் பார்த்துக் காத்திருத்தல்

மான் அரிதாகத்தான் பக்கவாட்டில் நிற்கும். நீங்கள் சுடுவது தோலில் ஒரு புள்ளியை அல்ல, உடம்புக்குள் ஒரு கோட்டை. அந்தக் கோடு இரண்டு நுரையீரல் வழியாகவும் போக வேண்டும்.

உங்களை விட்டு விலகிச் சாய்ந்து நிற்கும் மானுக்குக் குறியைப் பின்னே தள்ளுங்கள். குண்டு அந்தப் பக்கத்து முன்னங்கால் வழியாக வெளியேறும்படி நினைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கோடு இழுங்கள். நுழைவு விலாவின் நடுவில் இருக்கலாம். இது எனக்குப் பிடித்த கோணம். எலும்பு எதுவும் குறுக்கே இல்லை. கோணம் மிகக் கூடிவிட்டால், அதாவது பின்தொடை பெரிதாகத் தெரியத் தொடங்கினால், விட்டுவிடுங்கள்.

உங்களை நோக்கிச் சாய்ந்து நிற்கும் மான் கடினம். குண்டு ஒரு நுரையீரலோடு நின்று குடலுக்குள் போய்விடும். நல்ல தோட்டாவும் அமைதியான கையும் இருந்தால் இந்தப் பக்கத்துத் தோளின் முன்மடிப்பில் வைத்து அனுபவசாலிகள் சுடுவார்கள். முதல் மூன்று ஆண்டு வேண்டாம். நேருக்கு நேர், நேராகப் பின்னால், ஓட்டத்தில் இருக்கும் மான் ஆகியவற்றுக்கும் அதே பதில்.

தலையையும் கழுத்தையும் பற்றிக் கேட்பார்கள், ‘பட்டால் உடனே சாவு, தவறினால் முழுத் தவறு’ என்று. அது உண்மையல்ல. மூளை ஒரு கைப்பிடி அளவுகூட இல்லை, தலை எப்போதும் அசைந்துகொண்டிருக்கும். இரண்டு அங்குலம் தவறினால் தாடை உடைந்த மான் பட்டினி கிடந்து வாரக்கணக்கில் சாகும்.

பரணில் இருந்து சுடும்போது இன்னொரு கணக்கு. இருபது அடி உயரத்தில் அமர்ந்து பதினைந்து கெஜத்தில் நிற்கும் மானைச் சுட்டால் குண்டு மேலிருந்து கீழே சாய்ந்து போகிறது. நுழைவைச் சற்று உயர்த்தி, வெளியேறும் இடத்தைக் கீழ்நெஞ்சில் நினைத்துக்கொள்ளுங்கள்.

மான் நடந்துகொண்டே இருந்தால் வாயால் மெதுவாக ‘ம்பே’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் பெரும்பாலும் நிற்கும். ஸ்கோப்பில் மான் வந்த பிறகு கொடுங்கள், அதற்கு முன் வேண்டாம். மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். மேட்டின் முகட்டில், வானம் பின்னணியாக நிற்கும் கலைமான் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சுடக் கூடாது. அந்த வானத்துக்கு அப்பால் யார் வீடு என்று தெரியாது.

படி 8: சுட்ட அடுத்த அரை மணி

வெடித்த உடனே அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள், கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். மான் இன்னும் நின்றுகொண்டிருந்தால் மறுபடி சுடுங்கள். ஓடினால், கடைசியாகத் தெரிந்த மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் பட்ட மான் துள்ளிப் பின்னங்காலை உதைத்து, உடம்பைத் தாழ்த்திப் பாய்ந்து ஓடும். வயிற்றில் பட்டது முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாகப் போகும்.

பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். எனக்குப் பெரியவர் அன்று சொன்னது இதைத்தான்: “அரை மணி உட்கார்ந்திருந்தால் மான் எங்கேயும் போகாது. நீ போனால்தான் அது போகும்.”

இறங்கியதும் நேராகக் குண்டு பட்ட இடத்துக்குப் போங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல், பின்தொடரலாம். கருஞ்சிவப்பு ரத்தம் ஈரலாக இருக்கும். மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். பச்சையோ பழுப்போ கலந்து, நாற்றம் இருந்தால் குடல். அப்போது ஓசையில்லாமல் பின்வாங்கி, எட்டுப் பத்து மணி நேரமாவது காத்திருந்து வர வேண்டும். நவம்பர் குளிரில் இறைச்சி அதைத் தாங்கும். வெப்பமான இரவென்றாலும் மழை, பனி வருமென்றாலும் நேரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். தடம் தேடப் பழகிய நாயை வாரில் பிடித்துக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாநிலம் அனுமதித்தால் தடத்தை மிதித்துக் கலைப்பதற்கு முன்பே கூப்பிடுங்கள். ரத்தத் தடத்தின் மேல் நடக்காமல் பக்கவாட்டில் நடங்கள். கடைசிச் சொட்டில் ஒரு காகிதத் துணுக்கை வைத்துவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

படி 9: அறுக்கும்போது படித்தல்

விஸ்கான்சினில் மான் கிடைத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்துவிட வேண்டும். 2002 முதல் அங்கே மான்களில் நாள்பட்ட நலிவு நோய் இருக்கிறது. சோதனைக்குத் தலையும் மேல்கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளும் தேவை. கழுத்தில் சுட்டவர்கள் அந்த மாதிரியையே கெடுத்துவிடுகிறார்கள். முடிவு வரும்வரை இறைச்சியை உறைய வைத்துக் காத்திருங்கள். நோய் இருப்பதாக வந்தால் சாப்பிடாதீர்கள்.

வயிற்றைத் திறக்கும்போது அவசரப்படாமல் குண்டின் பாதையைப் பாருங்கள். எங்கே நுழைந்தது, எந்த விலாவை உடைத்தது, நுரையீரலில் துளை எவ்வளவு பெரியது, வெளியேறியதா, தோலுக்கடியில் நின்றதா என்றெல்லாம். ஸ்கோப்பில் பார்த்தபோது நீங்கள் நினைத்த இடமும் உண்மையில் பட்ட இடமும் எத்தனை அங்குலம் விலகின என்று விரலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டா விளம்பரமும் தராத பாடம் அது.

என் குறிப்பேட்டில் மூன்றாம் ஆண்டுப் பக்கம் இப்படி இருக்கிறது: 308, செம்பு 150. தூரம் 84 கெஜம், விலகிச் சாய்ந்த நிலை, மரத்தில் தாங்கல். நுழைவு வலப்பக்கம் கடைசியிலிருந்து மூன்றாம் விலா, வெளியேற்றம் இடது முன்னங்கால் பின்மடிப்பு. இரண்டு நுரையீரலும். 41 கெஜம் ஓடியது. நினைத்த இடத்துக்கு ஒன்றரை அங்குலம் பின்னால் பட்டது. விசை இன்னும் கொஞ்சம் மெதுவாக.